படத்தில் இல்லாத பகுதி

ஞாயிறு ஆராதனையில் ஐயர் பிரசங்கத்தை முடிக்கிற பாடாகத் தெரியவில்லை. சாலோமியின் கைப்பைக்குள் போன் அதிர்வதும் நிற்பதுமாக இருந்தது. வேதப்புத்தகம் மடியில் விரிந்து கிடந்ததே தவிர ஒரு வசனமும் அவள் கண்ணில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கிருபைராஜாகத்தான் இருக்கும், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே பைக்குள் போனைச் சாய்த்துப் பார்த்தாள். கூப்பிட்டது கணவன் இல்லை, அவனை வைத்துப் படம் எடுத்த பெனிட்டோ.

காணிக்கை எடுப்பதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

“அக்கா, கிருபையண்ணன் ஒங்ககூடக் கோயில்லயா இருக்காரு?”

“இல்லையே தம்பி. விடிஞ்ச ஒடனே வேன எடுத்துட்டுக் கெளம்பிட்டாரே. ஸ்ரீவைகுண்டத்துல திரை கட்டணும், நீ ஒத்தாசைக்குக் கூப்பிட்டேன்னுல்லா சொன்னாரு.”

“திரையெல்லாம் நான் நேத்தே கட்டிட்டேன்க்கா. அண்ணன மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வரச் சொன்னேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காரு.”

“வண்டிச் சத்தத்துல கேட்டிருக்காது. வந்துருவாரு” என்றாள் சாலோமி. சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவளுக்குத் தெரியும். கிருபைராஜ் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளிக்கப் போனான். குளித்துவிட்டு வந்து கை நிறையப் பவுடர் கொட்டிப் பூசினான். சாப்பிடும்போது எப்போதும்போல அவளுக்கு எதிரே உட்காராமல், டி.வி. பார்க்கிற சாக்கில் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனான். வாயில் கிராம்பு. “பல்லு வலிக்கி” என்றான். அப்போதே கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், வந்த பதிலை என்ன செய்வது? அவன் குடியை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும், அவன் வாசல்படி ஏறும் ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கு மட்டும் விழித்துக்கொண்டே இருக்கும். வாய் திறக்காது. அப்படியே பழகிவிட்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு, வேதப்புத்தகத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீவைகுண்டம் பக்கமாகப் போகும் திருச்செந்தூர் பஸ் ஏறினாள்.

கிருபைராஜ் முன்பு லாரி ஓட்டியவன். குடியில் லாரி வேலை போயிற்று, அப்புறம் எந்த வண்டியையும் நம்பி அவனிடம் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. கடைசியில் ஊருக்கு வெளியே குமரகுருபரன் என்பவர் நடத்திய மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தெளிந்து வந்தான். அவள் அறிவியல் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அப்போது வேன் டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள். சாலோமி தாளாளர் முன்னால் போய் நின்று, “நான் பொறுப்பு சார்” என்றாள். அந்த ஒரு சொல்லில் கிடைத்த வேலை அது. வேன் ராத்திரியிலும் விடுமுறையிலும் அவர்கள் வீட்டு முன்னாலேயே நிற்கும்.

படம் எடுக்கிற யோசனை குமரகுருபரனுடையது. “குடிக்காதீங்கன்னு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தா அதுல வடைய வச்சு எண்ணெயப் பிழிஞ்சு திங்கான். நம்மள்ல ஒருத்தர் தனக்கு நடந்தத நடந்தபடி சொன்னா உக்காந்து பாப்பான். பாத்துட்டு அவன் வாயத் தொறப்பான், அதுதான் நமக்கு வேணும்” என்றார். மணப்பாட்டுப் பையன் பெனிட்டோ, கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன், கிருபைராஜின் கதையைக் கூலி வாங்காமல் எடுத்துக் கொடுத்தான். பாபநாசத்துப் பக்கம் தொடங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று ஆற்றோடு இறங்கி ஊர் ஊராகக் காட்டினார்கள். ஒவ்வொரு ஊருக்கும் கிருபைராஜ் கூடவே போனான்.

ஆனால் எந்த ஊரிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. படம் முடியும், குமரகுருபரன் மைக்கை நீட்டுவார், சனம் தரையைப் பார்க்கும். பிறகு கைதட்டுவார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் எழுந்து வந்து கிருபைராஜுக்குத் துண்டு போர்த்துவார். சுண்டலும் டீயும் முடிந்ததும் கூட்டத்தில் பாதி மதுக்கடைப் பக்கம் நடையைக் கட்டும்.

சாலோமியையும் பேசச் சொல்லிப் பெனிட்டோ கேட்டிருந்தான். “ஸ்கூல் பிள்ளைகள் பாக்கும் தம்பி” என்று மறுத்துவிட்டாள். அது பாதி உண்மைதான். தன்னிடம் சொல்வதற்கு இருந்தது எதுவும் அந்தப் படத்துக்குப் பொருந்தாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

பஸ் செய்துங்கநல்லூர் தாண்டியது. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. டீக்கடை வாசல், மரத்தடி, பாலத்துக் கட்டை எதையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனுக்குப் போன் அடிப்பதும் அணைப்பதுமாக விரல் ஓயவில்லை. வேன் பிள்ளைகளின் முகங்கள் வந்து வந்து போயின. வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் வேனிலிருந்து இறங்கிக் கையாட்டிய ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஏனோ மறுபடி மறுபடி வந்தது.

கருங்குளம் தாண்டி வாய்க்கால் ரோட்டை ஒட்டி ஓடும் இடத்தில், மருத மரத்தடியில் மஞ்சள் வேன் நின்றது.

“நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று எழுந்துவிட்டாள்.

“இங்கன ஸ்டாப்பு இல்லம்மா. புதுக்குடிலதான்” என்றார் கண்டக்டர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே விசிலை ஊதினார்.

வேனுக்குள் யாரும் இல்லை. கிருபைராஜ் வாய்க்கால் படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தான். அவளைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. கண் சிவந்திருந்தது. வாடை படிக்கு மேலேயே அவளை வந்து எட்டியது. எத்தனையோ நாளாக ஒவ்வொரு சாயங்காலமும் தேடித் தேடிப் பார்த்த வாடை.

அவள் கேட்ட முதல் கேள்வி அவளுக்கே எதிர்பாராதது.

“வெள்ளிக்கிழமை பிள்ளைகள எறக்கிவிட்டதுக்கு முன்னாலயா, பொறவா?”

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது.

“பொறவுதான்.”

“என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

“பொறவுதான் சாலோமி. கடைசிப் பிள்ளைய எறக்கிட்டு, வேன வீட்டு முன்னால விட்டுட்டு, நடந்துதான் போனேன். கர்த்தர் மேல ஆணையா…”

“கர்த்தர விடுங்க. இன்னைக்குக் குடிச்சிட்டா ஓட்டிட்டு வந்தீங்க?”

“இல்ல. இங்கன வந்து நிப்பாட்டிட்டுத்தான். முந்தாநாள் வாங்குனதுல மிச்சம் கெடந்துச்சு.”

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்பாவிட்டால் அங்கே நிற்கவே முடியாது போலிருந்தது. கையை நீட்டினாள். அவன் சாவியை எடுத்துக் கொடுத்தான். அதைக் கைப்பையில் போட்டுவிட்டு, பட்டுச்சேலை நனைவதைப் பார்க்காமல் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

பிறகு அவனாகவே பேசினான்.

“படத்துல அந்தக் கிளாச எடுக்குத எடம் இருக்குல்லா.”

அவளுக்குத் தெரியும். அது அவர்கள் வீட்டு அடுப்படியில் எடுத்த காட்சி. குடித்த காலத்தில் இருந்த மாதிரியே நடித்துக் காட்டச் சொல்லிப் பெனிட்டோ கேட்டான். எங்கிருந்தோ ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து கழுவி, பால் விடாத தேயிலைத் தண்ணியை ஊற்றினார்கள். கிருபைராஜ் அதைக் கிளாசில் சாய்த்து, மூச்சைப் பிடித்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கிளாசைக் கவிழ்த்தான். படத்திலேயே எல்லாரும் புகழ்ந்தது அந்த இடத்தைத்தான்.

“ஒவ்வொரு ஊர்லயும் அந்த ஆளு அத எடுத்துக் குடிக்கான். நான் மொத வரிசையில உக்காந்து பாக்கேன். தேயிலைத் தண்ணின்னு எனக்குத் தெரியும். நாக்குக்குத் தெரிய மாட்டேங்கு.”

“ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“யார்ட்டச் சொல்ல? துண்டு போத்துதவன்ட்டயா?” என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “படத்துல இருக்கவன் நல்லாயிட்டான் சாலோமி. அவன் சொன்ன சொல்லுக்கெல்லாம் நான் காவல் இருக்க வேண்டியிருக்கு. என்னால முடியல.”

“என்ட்டச் சொல்லியிருக்கலாம்லா.”

“நீ கேக்கலையே.”

அவள் எழுந்து ரோட்டுக்குப் போனாள். அங்கிருந்து வாய்க்காலுக்கு வந்தாள். மறுபடி ரோட்டுக்குப் போனாள். லாரிகள் வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு போயின. பெனிட்டோவுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னாள்.

பெனிட்டோ பைக்கை மரத்தடியில் போட்டுவிட்டு ஓடிவந்தான். நடந்ததை அவள் சொன்னாள், தேயிலைத் தண்ணி விஷயத்தையும் சேர்த்து. அவன், “அந்த ஷாட் நல்லா வந்திருந்துச்சுக்கா” என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவன் காதில் விழுந்தது போலும், தலையைக் குனிந்துகொண்டு கிருபைராஜின் சட்டையை எடுத்து மாட்டிவிட்டான். இருவருமாக அவனைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். பெனிட்டோதான் வேனை ஓட்டினான். பாலத்தைக் கடந்து ஸ்ரீவைகுண்டத்துக்குள் நுழையும்போதே கிருபைராஜ் தூங்கிவிட்டான்.

மண்டபத்து வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. குமரகுருபரன் வேன் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

“படத்த நிப்பாட்டிருவோம் சார்” என்றான் பெனிட்டோ.

“இத்தன சனத்த வரச் சொல்லிட்டு எப்பிடிப்பா நிப்பாட்ட?” என்றவர் சாலோமியின் பக்கம் திரும்பினார். “நான் மறைக்கணும்னு சொல்லலம்மா. வெளிய வந்தவங்க திரும்ப ஒரு தடவ விழுகது உண்டு. எழுந்திரிச்சதும் உண்டு. எனக்கு இது புதுசு இல்ல. ஆனா அத மைக்ல சொன்னா என்னாகும்? இவரே குடிச்சிட்டாரு, நாம எதுக்கு நிப்பாட்டணும்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிக்கிடுவோம். தாளாளர் காதுக்குப் போனா ஒங்களுக்கும் கஷ்டம்லா.”

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அவளுக்கும் அது நிம்மதியாகக்கூட இருந்தது. சரி என்று தலையை ஆட்டினாள். பெனிட்டோ வேன் பக்கத்திலேயே இருந்துகொண்டான்.

கடைசி வரிசையில் இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். படம் ஓடத் தொடங்கியது. கிருபைராஜ் திரையில் சிரித்துக்கொண்டே சொன்னான்: ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி, கோயில் வாசலில் ஜோடித்து வைத்திருந்த குடிலுக்குள் போய் ஆட்டுக்குட்டிப் பொம்மைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிவிட்டதை, விடியற்காலம் பாட்டுப் பாட வந்த பிள்ளைகள் மேய்ப்பன் பொம்மைதான் கிடக்கிறது என்று நினைத்ததை. மண்டபம் குலுங்கியது. எல்லா ஊரிலும் அந்த இடத்தில் குலுங்கும்.

அடுப்படிக் காட்சி வந்தபோது சாலோமி திரையைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பினாள். அதனால் சனத்தைப் பார்க்க நேர்ந்தது. முன்னால் இருந்த ஒருவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். இன்னொருவனின் தொண்டை ஏறி இறங்கியது. தூணோரம் இருந்த ஒரு பையன் உதட்டை நக்கினான். இத்தனை ஊரிலும் இதையா செய்துகொண்டு வந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளங்கால் வரை கூசியது.

படம் முடிந்தது. கிருபைராஜ் மஞ்சள் வேனை ஓட்டிப் போகிற காட்சிதான் கடைசி. கறுப்புத் துணிகளை விலக்கினார்கள். சாயங்கால வெயில் உள்ளே விழுந்தது.

“கிருபைராஜ் அவர்களுக்கு உடல்நலம் சரியில்லாததால் இன்று வர இயலவில்லை” என்றார் குமரகுருபரன். “படத்தைப் பற்றி யாராவது பேசலாம். தயக்கம் வேண்டாம்.”

தரையைப் பார்த்தார்கள். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

“ஒண்ணு கேக்கலாமா?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். வாழைத் தோட்டத்துக் கறை சேலை முந்தியில் காய்ந்து கறுத்திருந்தது.

“ஏட்டி இசக்கி, உக்காரு” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அவள் புருஷன் பலவேசம்.

“இருங்க, கேட்டுட்டு உக்காருதேன். அந்த அண்ணனுக்குப் பொண்டாட்டி உண்டுல்லா? அந்தம்மா எங்க? படத்துல ஒரு எடத்துலகூடக் காணல. ஓடிப்போயிட்டாளா, இருக்காளா?”

சிரிப்பு எழுந்தது. சாலோமிக்கும் சிரிப்பு வந்தது.

“இருக்கேன்” என்றாள் சுவரோரத்திலிருந்து. “நான்தான்.”

எல்லாத் தலையும் திரும்பியது. இசக்கி ஒரு நொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் உட்காரவில்லை.

“அப்பம் நீங்க சொல்லுங்க. அவரு நிப்பாட்டிட்டாரு, சரி. அதுக்கப்புறம் ஒங்களுக்கு ஒறக்கம் வந்துச்சா?”

அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. குமரகுருபரன் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல அசைத்தார். பார்த்தும் பாராதவள்போல அவள் பேசத் தொடங்கிவிட்டாள். வகுப்பில் பாடம் எடுக்கிற குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

“வரல. இப்பவும் வராது. அந்தக் குடில் கதைக்கு எல்லாரும் சிரிச்சீங்க. அவரு நல்லாத்தான் சொல்லுதாரு. அன்னைக்கு அவர அங்கயிருந்து இழுத்துட்டு வந்தது நான். வாந்தியக் கழுவுனது நான். பிள்ளைகள் பாட்ட நிப்பாட்டாமப் பாடிக்கிட்டே பாத்துட்டு நின்னுச்சு. அது படத்துல கெடையாது. அவரு நிப்பாட்டுன பெறவும் நான் தெனமும் மோந்துதான் பாக்கேன். வாசல்ல செருப்பக் கழட்டுத சத்தத்த வச்சே நெதானம் பாக்கேன். நல்லா இருக்க ஆளத் தெனமும் சந்தேகப்படுதோமேன்னு நானே என்னத் திட்டிக்கிடுவேன். திட்டிக்கிட்டே மோந்து பாப்பேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நிற்கும்.

“ஒடம்பு சரியில்லன்னு சார் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை அவரு மறுபடி குடிச்சாரு. இன்னைக்கும் குடிச்சாரு. வெளிய வேன்லதான் படுத்திருக்காரு.”

பலவேசம் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

“நான் சொன்னேம்லா, இதெல்லாம் நடக்காத காரியம்னு. படம் பிடிச்சுக் காட்டுதாவளாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தான். அவன் பின்னால் கொஞ்சம் பேர் எழுந்தார்கள். குமரகுருபரன் கண்ணை மூடிக்கொண்டார்.

“உக்காருங்க வே” என்றார் தூணோரத்தில் இருந்த ஒருவர். வாழைத்தார் ஏற்றுகிற ஆள், தோளில் காய்ப்பு தெரிந்தது. “எங்க ஓடுதீரு? கடை எங்கயும் போயிராது.” பிறகு எழுந்து நிற்காமலேயே, முன்னால் இருந்தவனின் முதுகைப் பார்த்தபடி பேசினார். “நானும் நிப்பாட்டுனேன். ஒரு ஆடி மாசத்துலயிருந்து மறு தைப்பொங்கல் வரைக்கும். மச்சினன் கல்யாணத்துல ஒரு வாய் போட்டேன். போட்டதும், சரி, எல்லாம் போச்சு, இனி என்னன்னு முழுசாப் போயிட்டேன். யார்ட்டயும் சொல்லல. வெக்கம். அந்த ஒரு வாயோட வந்து நின்னிருந்தா சேத்துருப்பீங்களா சார்?”

குமரகுருபரன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தார். “சேத்துருப்போம். இப்பவும் சேப்போம். எத்தன தடவ வந்தாலும் சேப்போம்” என்றார். கூட்டத்தின் முன்னால் அவர் மேடைத் தமிழை விட்டுப் பேசியதைச் சாலோமி அன்றுதான் பார்த்தாள்.

அதற்கு அப்புறம் யார் முதலில் பேசினார்கள், யார் அடுத்து என்று அவளுக்கு நினைவில்லை. ஒருவர் கடையை மூடச் சொல்லி மனுக் கொடுக்கவேண்டும் என்றார். அவருடைய மருமகளே, “நீரு மொதல்ல பாட்டில மூடும்” என்றாள். கொஞ்சம் சண்டை வந்தது. ஒரு அம்மா தன் மகனுக்குக் குடி இல்லை, ஏதோ மாத்திரை, நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான் என்றாள். அதை எப்படிக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு கிழவர், இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லு தாயி என்றார். சுண்டல் ஆறிப்போய் வாளியிலேயே கிடந்தது.

எதற்கோ திரும்பியபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கிருபைராஜ் நிற்பதைப் பார்த்தாள். பின்னால் பெனிட்டோ. எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான், தெரியவில்லை. அவள் பார்த்ததும் அவன் திரும்பி வேனுக்குப் போய்விட்டான்.

ஊர் திரும்பும் வழியில், பாலம் தாண்டிய பிறகுதான் கிருபைராஜ் வாயைத் திறந்தான்.

“வேலை போச்சு.”

“போச்சு.”

“நீயே சொல்லிட்ட. அத்தன பேர் முன்னால.”

“நாளைக்குக் காலையில நீங்க பிள்ளைகள ஏத்தக்கூடாது. வேற எப்பிடிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல.”

“என்ட்டச் சொல்லியிருக்கலாம்.”

பெனிட்டோ கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

மறுநாள் விடிந்ததும் அவள் தாளாளர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். அவர் கோபப்படவில்லை. “வெள்ளிக்கிழமை?” என்று மட்டும் கேட்டார். “பொறவுதான்னு சொல்லுதாரு சார். நான் நம்புதேன்” என்றாள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, வேறு டிரைவருக்குப் போன் செய்ய எழுந்தார். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி நேராகவே வந்து, எம்பிள்ள அந்த வேன்லதான டீச்சர் வந்துச்சு என்றாள். ஆமா என்றாள் சாலோமி.

கிருபைராஜ் அவளோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். புதன்கிழமை அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. தெருத்தெருவாகத் தேடினாள். கடைசியில் குமரகுருபரனே போன் செய்தார்: “இங்கதான் இருக்காரும்மா. தானா வந்துட்டாரு.” அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாழ்வு மையத்தில் சில வாரம் இருந்துவிட்டு வந்தான். இப்போது சமாதானபுரத்தில் ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். வண்டி ஓட்டுகிற ஆசை இன்னும் இருக்கிறது, ஆனால் கேட்பதில்லை. கோபம் முழுசாகப் போய்விட்டதென்றும் சொல்ல முடியாது. சில நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று, “மைக்ல சொல்லு” என்பான். அவள் பொறுத்துக்கொள்வாள், சில நாள் பொறுக்கவும் மாட்டாள். ஒன்று மட்டும் மாறியது. வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போது அவள் மோந்து பார்ப்பதில்லை. நேராகக் கேட்கிறாள்: “இன்னைக்கு எப்பிடி?” அவனும் நேராகச் சொல்கிறான். “மத்தியானம் கஷ்டமா இருந்துச்சு” என்பான். “பரவால்ல” என்பான். ஒரு நாள், “கேக்காத இன்னைக்கு” என்றான். அன்று ராத்திரி இருவருமே தூங்கவில்லை. ஆனால் அவன் குடிக்கவும் இல்லை.

பெனிட்டோ அந்தக் கிளாஸ் காட்சியை வெட்டி எறிந்துவிட்டான். புது முடிவு ஒன்று எடுக்கவேண்டும், அக்கா பேசவேண்டும் என்று கேமராவோடு வந்தான்.

“கேமரா முன்னால எனக்கு வராது தம்பி” என்றாள். “அடுத்த ஊருக்கு எப்பம் போற? நான் வாரேன்.”

ஸ்ரீவைகுண்டத்து இசக்கி அவள் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். வேலை முடிந்து நடந்து போகும்போது எப்போதாவது கூப்பிடுவாள். பெரும்பாலும் பலவேசத்தைப் பற்றிய வசவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாலோமி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

“டீச்சர், எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நிக்காரு. அன்னைக்கு ஏசிட்டுப் போனாருல்லா. அந்த அண்ணன் இப்பம் எப்பிடி இருக்காருன்னு கேக்காரு.”

“அவரே இருக்காரு. பேசச் சொல்லுங்க” என்று சாலோமி புளிக்கையோடு போனைக் கிருபைராஜிடம் நீட்டினாள். “ஸ்ரீவைகுண்டம். பலவேசம்னு ஒருத்தர்.”

அவன் கையை நீட்டவில்லை. பிறகு வாங்கினான். வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். அங்கே நிற்காமல் தெருவுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். அவளுக்கும் அடுப்படியில் இருப்புக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கிருபைராஜ் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். “ம்” என்றான். “ஆமா” என்றான். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, பைய, “அந்த நெனப்பு எப்பம் ஆரம்பிக்கும் ஒமக்கு? வேலை முடிஞ்சு வரும்போதா?” என்று கேட்டான்.

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, அவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கும் அந்த நேரந்தான்” என்றான். “சொல்லும் வே, கேக்கேன்.”